கிராணியார் காரின் இடது பின்கதவு

புதிதாகக் கடையில் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் வணக்கம். போன வாரம் ரிங்லெட் டவுனுக்கு மருந்து வாங்க வந்தவள், பழக்கதோஷத்தில் கடைக்குள் நுழைந்துவிட்டேன். எல்லாரும் வேலையாக இருந்தீர்கள். உங்களில் ஒருவர் மட்டும் என்னைக் கண்டதும் கையிலிருந்த தோல் துண்டைச் சட்டென்று மேசைக்கு அடியில் தள்ளினார். யாரென்று சொல்ல மாட்டேன். கத்தரி எங்கே தப்பியது என்பது எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் இதை எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் அதே மேசைக்கு அடியில் நானும் ஒரு துண்டைத் தள்ளியிருக்கிறேன்.

நான் இந்தக் குஷன் கடையில் இருபத்தேழு வருஷம் வேலை செய்தேன். அதற்கு முன் எஸ்டேட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தவள். பசை எப்படித் தடவுவது, வளைவில் தோலை எப்படி இழுப்பது என்பதையெல்லாம் முதலாளி உங்களுக்குக் காட்டிக்கொடுப்பார். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குச் சொல்ல இருப்பது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானமும் அதற்கு அடுத்த நாளும்தான்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், ஒரு புதன்கிழமை காலையில், தேயிலை எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பழைய கார், ஆனால் ஒரு காலத்தில் பெரிய இடத்துக் கார். இருக்கையெல்லாம் அசல் தோல். அவர் நன்றாகத்தான் வைத்திருந்தார். இருந்தாலும் நம் மலையின் ஈரம் உங்களுக்குத் தெரியும். கீழே ஈப்போவில் வெயில் செய்கிற வேலையை இங்கே பனியும் மழையும் செய்துவிடும். நாலு கதவுகளின் உள்பலகையிலும் தோல் பூசணம் பிடித்து, துடைத்துத் துடைத்து நிறம் வெளுத்து, கை வைக்கிற இடத்தில் வெடித்துப் போயிருந்தது. விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

"இருக்கைய விட்ருங்க, அது தாங்கும். நாலு கதவும் புதுசாப் போடணும்," என்றார் கிராணியார். "ஞாயித்துக்கெழம தாப்பா கோயில்ல மகளுக்குக் கல்யாணம். பொண்ணு இந்தக் காடிலதான் வந்து எறங்கணும்னு என் சம்சாரம் சொல்லிருச்சு. அசல் தோலாப் போடுங்க. அதுவும் அது சொன்னதுதான்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஈப்போவிலிருந்து அன்று மாலையே தோல் வந்தது. கரும்பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு பெரிய தோல். அந்த நிறத்தில் ஈப்போ கடைக்காரரிடம் இருந்த கடைசித் தோல் அது. அடுத்தது வர இரண்டு வாரம் ஆகும் என்று அப்போதே சொல்லித்தான் கொடுத்தார். நான் அளந்து பார்த்தேன். நாலு கதவுக்கும் போதும், மிச்சம் அதிகம் இருக்காது.

வியாழக்கிழமை முன்கதவு இரண்டுக்கும் வெட்டித் தைத்தேன். அவ்வளவு அழகாக வந்தது. என் கைவேலையை நானே தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன். அதுதான் என்னைப் பிடித்த சனி என்று இப்போது நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி ஒரு ஹோட்டலில் சோபா அளவெடுக்கத் தானா ராத்தா டவுனுக்குப் போயிருந்தார். ஸ்ட்ராபெரி விற்கிற ஒரு அக்கா தன் வேன் இருக்கையைப் பற்றிக் கேட்க வந்தவர், அப்படியே நின்று தன் மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நல்ல கதை. நானும் பதில் சொல்லிக்கொண்டே காகித அச்சைத் தோல்மேல் வைத்துக் கோடு போட்டு, பின்பக்க வலது கதவுக்கு வெட்டினேன். பிறகு அச்சைத் தள்ளி வைத்துக் கோடு போட்டு, பின்பக்க இடது கதவுக்கு வெட்டினேன். அந்த அக்கா போன பிறகு இரண்டு துண்டையும் எடுத்து அருகருகே வைத்தேன்.

இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றுபோல இருக்கக் கூடாது. கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் வளைய வேண்டும். அச்சைத் திருப்பிப் போட மறந்திருந்தேன். என்னிடம் இப்போது வலது கதவுக்கு இரண்டு துண்டு இருந்தது. இடது கதவுக்கு ஒன்றும் இல்லை.

மிச்சத் தோலை விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் நீளநீளமாகக் கொஞ்சம், மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் தோல் கொஞ்சம். வயிற்றுத் தோல் இழுத்தால் ரப்பர்போல நீளும். கதவுக்கு ஆகாது. ஈப்போவுக்குப் போன் செய்தேன். "இல்லம்மா, நான்தான் சொன்னேனே," என்றார் கடைக்காரர்.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். முதலாளிக்குப் போன் செய்திருக்க வேண்டும். கைப்பேசி என் கையிலேயே இருந்தது. இருபது நிமிஷ தூரத்தில்தான் அவரும் இருந்தார்.

நான் செய்தது வேறு. பின்னறைக்குப் போய், அலமாரியில் இருந்த பிவிசி சுருள்களை, அதாவது தோல்போலவே செய்து வருகிற செயற்கைச் சரக்கை, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்று கிட்டத்தட்ட அதே நிறம். தோலில் இருக்கிற மாதிரியே நுண்ணிய சுருக்கம். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

மனசு எவ்வளவு வேகமாக வக்கீல் வேலை பார்க்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கிராணியாரை நான் ரிங்லெட் டவுனில் பலமுறை பார்த்திருக்கிறேன். எப்போதும் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு வருவார். பக்கத்து இருக்கையில் காய்கறிக் கூடை இருக்கும். பின்னால் யார் உட்காரப்போகிறார்கள், அதுவும் இடது பக்கம்? கல்யாணத்தன்று பெண் உட்கார்ந்தாலும், பட்டுச்சேலையைப் பார்ப்பாளா, கதவைப் பார்ப்பாளா? இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டே தைத்து முடித்தேன். மிஞ்சிய வலது பக்கத் துண்டை மேசைக்கு அடியில் தள்ளினேன்.

மாலையில் முதலாளி வந்தார். நாலு கதவையும் திறந்து மூடிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குலா. நம்ம கடைல இந்த வருஷம் இதுதான் நல்ல வேல," என்றார்.

வேறு நாளாக இருந்தால் அந்தச் சொல்லை ஒரு வாரம் சுமந்துகொண்டு திரிந்திருப்பேன். அன்றைக்கு மேசையைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிராணியார் வந்தார். முன்கதவைத் திறந்து தடவிப் பார்த்து, அவர் முகம் மலர்ந்தது. சாவியை வாங்கிக்கொண்டவர், போகிற போக்கில் சொன்னார்:

"பின்னால எடது பக்கக் கதவும் இதே மாதிரிதானே? என் சம்சாரம் எப்பவும் அங்கதான் உக்காரும். இனிப்பு நீரு வியாதில அதுக்குக் கண்ணு போயி மூணு வருஷமாச்சு. எதையும் தொட்டுத்தான் பாக்கும்."

நான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க ஐயா," என்ற சொல்தான் வந்தது.

கார் திரும்பி மேட்டில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெள்ளிக்கிழமை செய்தது தவறு. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செய்தது அதைவிடப் பெரிய தவறு, ஏனென்றால் அந்த மனிதர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் நேராகக் கேட்டார். அச்சைத் திருப்ப மறந்ததற்குக் காரணம் சொல்லலாம். அந்த 'ஆமாங்க ஐயா'வுக்கு என்ன காரணம் சொல்வேன்?

பதினோரு மணிக்குக் கார் திரும்பி வந்தது.

இந்த முறை கிராணியார் இறங்கி வந்து பின்பக்க இடது கதவைத் திறந்தார். உள்ளே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, இறுக்கி முடிந்த கொண்டை, நெற்றியில் பளிச்சென்று குங்குமம். கண்கள் எங்கேயோ பார்த்தன. கை மட்டும் கதவின் மேலேயே இருந்தது. அவர் இறங்கவில்லை.

"முதலாளி இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்கேம்மா," என்று முதலாளி துண்டில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"இந்தக் கதவ யாரு தச்சது?"

"நம்ம கடை ஆளுதாம்மா. ஏன், தையல் குத்துதா?"

"தையல் சுத்தமா இருக்கு. தோலுதான் இல்ல."

முதலாளி சிரித்தார். "தோலுதாம்மா. நாலு கதவும் ஒரே தோலு. நானே பாத்தேன்."

"பாத்தீங்க," என்றார் அந்த அம்மா. "கண்ண மூடிக்கிட்டு இந்தப் பக்கம் வந்து தொடுங்க."

முதலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிராணியாரைப் பார்த்தார். கிராணியார், எனக்கு இது பழக்கம் என்பதுபோல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு குனிந்து, இடது கதவைத் தொட்டார். அந்த அம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, அப்படியே இழுத்து, உள்ளே மறுபக்கக் கதவுமேல் வைத்தார். நம் முதலாளியின் உடம்பு உங்களுக்குத் தெரியும். பாதி உடம்பு காருக்குள்ளும் பாதி வெளியிலுமாக, கண்ணை மூடிக்கொண்டு, அவர் இரண்டு மூன்று முறை அங்கும் இங்கும் தொட்டார்.

"அது பச்சத் தண்ணி மாதிரி சில்லுனு இருக்கு. இது நம்ம கைச் சூட்ட வாங்கிக்குது. தெரியுதா?" என்றார் அந்த அம்மா.

முதலாளி கண்ணைத் திறந்தார். என்னைத்தான் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது. அந்தக் குழப்பத்தைத் தாங்க முடியாமல்தான் நான் பேசினேன்.

"நான்தாம்மா செஞ்சேன். தப்பா வெட்டிட்டேன். எடதுக்கு வெட்ட வேண்டியத வலதுக்கு வெட்டிட்டேன். வேற தோலு கெடைக்கல. யாருகிட்டயும் சொல்லாம பிவிசி போட்டுட்டேன். முதலாளிக்கும் தெரியாது. காலைல ஐயா கேட்டப்பவும் பொய் சொல்லிட்டேன்."

சொல்லி முடித்தபோது வெளியே ஒரு காய்கறி லோரி மேட்டில் மூச்சுவாங்கிக்கொண்டு ஏறியது.

அந்த அம்மா மெதுவாகக் காரைவிட்டு இறங்கினார். கையை நீட்டினார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தன மணிக்கு வெட்டுன?" என்று கேட்டார்.

"நேத்து மத்தியானம் ரெண்டு மணிம்மா."

"நேத்து ரெண்டு மணிலேருந்து இத வயித்துல வச்சுக்கிட்டா இருக்க? சாப்பிட்டியா?"

"இல்லம்மா."

"ஏங்க," என்று கணவரைக் கூப்பிட்டார். "பக்கத்துக் கடைல ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கிட்டு வாங்க, எல்லாருக்கும். நாலு மணிக்குத்தானே தாப்பாவுக்குக் கீழ எறங்கணும். நெறைய நேரம் இருக்கு."

கிராணியார் புறப்பட்டார். அவருக்கென்று நாற்காலி எடுத்து வைத்திருந்த முதலாளி அதை அந்த அம்மாவுக்குப் போட்டார்.

ஏன் அசல் தோல்தான் வேண்டும் என்று பிடிவாதம் என்பதை அந்த அம்மாவே சொன்னார். அந்தக் கார் முன்னால் எஸ்டேட் துரையுடையது. இவர் துரை பங்களாவில் வேலை பார்த்தவர். துரைசாணி டவுனுக்குப் புறப்படும்போதெல்லாம் பின்பக்க இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது இவர்தான். துரை வேறு கார் வாங்கியபோது, இதைக் கிராணியார் வாங்கிவிட்டார்.

"வீட்டுக்குக் கொண்டாந்து, முன்னால ஏறுன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். அத்தன வருஷம் கதவத் தொறந்து விட்ட எடத்துல ஒக்காந்து பாக்கணும்ல? அன்னைலேருந்து நான் பின்னால, அவரு டிரைவரு. மொதநாள் ஏறி ஒக்காந்து கதவுல கை வச்சேன் பாரு, அந்தத் தோலு எனக்கு இன்னும் கைல இருக்கு. நாளைக்கு எம்மக எம்பக்கத்துல ஒக்காந்து வருவா. அதான்."

ரொட்டி வந்தது. சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா கேட்டார்: "தப்பா வெட்டுனேன்னியே, அந்தத் துண்டு எங்க?"

மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் அதை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். "நல்ல தோலாச்சே. இத ஏன் கீழ போட்டு வச்சிருக்க? இது எந்தக் கதவுக்குச் சேரும்?"

"வலதுக்கும்மா. வலது பின்கதவு. அங்கதான் ஏற்கெனவே போட்டாச்சே."

"வலதுல இன்னொரு கதவு இருக்குல்ல. அவரு கதவு."

"அது பெருசும்மா. இது பத்தாது, முன்னால ஒரு சாண் கொறையும்," என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதலாளி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். ஓட்டுநர் கதவின் தோல் பெரியது. அதைக் கழற்றினால், அதிலிருந்து இடது பின்கதவுக்கு ஒரு முழுத் துண்டு வெட்டலாம். ஓட்டுநர் கதவுக்கு அந்த மிஞ்சிய வலது துண்டைப் போட்டு, குறைகிற ஒரு சாணுக்கு மிச்சத் தோலிலிருந்து பட்டை வெட்டி இணைக்கலாம். நடுவில் ஒரு தையல் கோடு தெரியும். நன்றாகத் தைத்தால் அது வேண்டுமென்றே போட்ட அலங்காரம்போல இருக்கும்.

"அவரு கதவுல ஒட்டு விழும், பரவால்லயா ஐயா?" என்று முதலாளி கேட்டார்.

"நான் டிரைவர்தானே," என்றார் கிராணியார், தேயைக் குடித்துக்கொண்டே.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நன்றாக ஒட்டி முடித்த ஒரு கதவை நானே பிரிக்க வேண்டும். பசை போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஹீட் கன்னால் சூடு காட்டினால் இளகும். சூடு குறைந்தால் தோல் கிழியும், கூடினால் சுருங்கும். ஒன்று பிசகினால், நாளைக்குக் கல்யாணப் பெண் இரண்டு கதவு மொட்டையாக நிற்கும் காரில் போவாள். முதலாளி என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"நான் பிரிக்கட்டுமா, நீ பிரிக்கிறியா?"

அவர்தான் கடையில் கைதேர்ந்தவர். தப்புச் செய்தவள் நான். நானே சரிசெய்கிறேன் என்று சொல்வதுதான் வீரம்போலத் தெரியும். என் கையைப் பார்த்தேன். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க பிரிங்க," என்றேன். "தைக்கிறத நான் தைக்கிறேன். அதுக்குள்ள கை நின்னுரும்."

அவர் தலையாட்டிவிட்டு ஹீட் கன்னை எடுத்தார். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த முடிவுகளில் அதை நல்ல முடிவு என்று சொல்வேன். அந்த நேரத்தில் அந்தக் காருக்குத் தேவைப்பட்டது நடுங்காத ஒரு கை. அது யாருடைய கை என்பது காருக்கு முக்கியமில்லை.

முக்கால் மணி நேரம் அவர் விரல் விரலாகப் பிரித்தார். நான் பக்கத்தில் நின்று, பிரிந்து வரும் தோலை மடங்காமல் தாங்கிக்கொண்டேன். ஓர் இடத்தில் மட்டும், கைப்பிடிக்குக் கீழே, அரை விரல் நீளத்துக்குக் கிழிந்தது. அச்சைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். கிழிசல் கோட்டுக்கு வெளியே விழுந்தது. இந்த முறை அச்சை வைத்ததும் நேராக அந்த அம்மாவிடம் போனேன்.

"அம்மா, வலது துண்ட ஒரு கைல புடிங்க. இந்தக் காகிதத்த இன்னொரு கைல தொடுங்க. வளைவு எதிர் எதிர்ப் பக்கம் போகுதா?"

அவர் தடவிப் பார்த்தார். "போகுது. வெட்டு."

வெட்டினேன். இரண்டரை மணிக்கு இடது பின்கதவு முடிந்தது. மூன்றரைக்கு ஓட்டுநர் கதவு. அந்த ஒட்டுத் தையலை இரட்டைக் கோடாகப் போட்டேன். கிராணியார் வந்து பார்த்துவிட்டு, "இது மத்த கதவவிட ஷோக்கா இருக்கே," என்றார். அந்த அம்மா ஏறி உட்கார்ந்து, கதவுமேல் கையை வைத்தார். ஓரம்வரை தடவிப் பார்த்தார். நாங்கள் மூவரும் வெளியே பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள்போல நின்றோம்.

"காலைல கோயிலுக்கு வந்துருங்க, ரெண்டு பேரும்," என்றார். அவ்வளவுதான். கார் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிளம்பியது.

கல்யாணத்துக்குப் போனோம். பெண் அழகாக இருந்தாள். நான் பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். பந்தியில் அந்த அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, வந்தவர்களிடமெல்லாம், "இதுதான் நம்ம காடிக்குத் தோலு போட்ட பொண்ணு," என்று அறிமுகப்படுத்தினார். பிவிசி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது, முதலாளி இன்றைக்குக் கேட்பார் என்று தயாராகத்தான் போனேன். அவர் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவர், சாப்பிடாமல் சொன்னார்:

"வெள்ளிக்கெழமையே சொல்லியிருந்தா அன்னைக்கே யோசிச்சிருக்கலாமேன்னு ஒன்னத் திட்டலாம்னு நெனச்சேன். திட்ட வாய் வரல."

"ஏன் முதலாளி?"

"திரிங்காப்புல கோஸ் ஏத்துற லோரிக்காரரு ஒருத்தரு. எட்டு வருஷம் முன்னால லோரி சீட்டச் சரிசெய்யக் குடுத்தாரு. ஹீட் கன்ன வேல நடுவுல வச்சுட்டுப் போன் பேசப் போயிட்டேன். உள்ள இருந்த ஸ்பாஞ்சு ஒரு பக்கம் உருகிருச்சு. மாத்தப் புது ஸ்பாஞ்சு கைல இல்ல. அப்படியே மேல ஒறையப் போட்டு மூடிக் குடுத்துட்டேன். அதுக்கப்பறம் அவரு இந்தப் பக்கம் வரல. இப்பவும் திரிங்காப்புல அந்த லோரியப் பாத்தா, மொகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் போறேன்."

கொஞ்ச நேரம் இருவரும் சாப்பிட்டோம். பிறகு அவர் பொட்டலத்தை மடித்துவிட்டு, "வா, போயிட்டு வந்துருவோம்," என்றார்.

கடையைப் பூட்டிவிட்டு வேனில் போனோம். திரிங்காப்பில் ரோட்டோரமாக அந்த லோரி நின்றுகொண்டிருந்தது. கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லோரிக்காரர் கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். தோளில் சாக்கு, காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். முதலாளி அவர் முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பாஞ்சு உருகியது, மூடிக்கொடுத்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. ஒன்றும் விடவில்லை.

லோரிக்காரர் கடைசிவரை கேட்டார். சாக்கைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே போட்டார்.

"தெரியும்," என்றார்.

முதலாளிக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"எடது பக்கம் உள்ள ஒன்னும் இல்லன்னு. மொத நாளே முதுகுக்குத் தெரிஞ்சிருச்சு. தாப்பா எறங்குறதுக்குள்ள நாலு தடவ நிறுத்தி முதுக நிமித்துனேன்."

"அப்பறம் ஏன் வந்து கேக்கல?"

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு மூணு மாசம் பாத்தேன். அப்பறம் கோலா தெர்லாவுல வேற ஒரு கடைல குடுத்து மாத்திக்கிட்டேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை பிவிசியைத் தைத்தபோது, யாருக்குத் தெரியப்போகிறது என்றுதானே சொல்லிக்கொண்டேன். எத்தனை பேருக்குத் தெரிந்து, எத்தனை பேர் ஒன்றும் சொல்லாமல் போயிருப்பார்களோ. கடைக்கு வராத ஆட்களை நாம் எண்ணுவது இல்லை. வேறு ஊருக்குப் போயிருப்பார், காரை விற்றிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

லோரிக்காரர் லோரிப் படியில் ஏறி ஓட்டுநர் கதவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கோலா தெர்லா கடைல போட்டதும் இப்ப கிழிஞ்சு போச்சு," என்றார். "புதன்கெழம லோடு இல்ல. ஒங்க கடைக்குக் கொண்டாரட்டுமா?"